பேரனுக்குத் திறந்த வாசல்

2005 பிப்ரவரி 6. அமெரிக்காவின் ஜாக்சன்வில் நகரில் சூப்பர் போல் இறுதியாட்டம் முடியும் தறுவாய். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி 24-21 என்று முன்னால் நிற்கிறது. வெல்லும் அணியின் வீரர்கள் பானம் நிறைந்த பெரிய தொட்டியைத் தூக்கிவந்து பயிற்சியாளரின் தலையில் கவிழ்ப்பது அந்த ஊர் வழக்கம். கவிழ்த்தார்கள். பயிற்சியாளர் பில் பெலிச்சிக் நனைந்தார். பக்கத்தில் நின்ற 86 வயதுக் கிழவரும் தொப்பலாக நனைந்தார். அவர் பில்லின் அப்பா, ஸ்டீவ் பெலிச்சிக். வாழ்நாள் முழுக்கப் பயிற்சியாளராக இருந்தவர், ஆனால் பெரிய அணி எதற்கும் தலைமை ஏற்காதவர். அந்த ஆண்டு நவம்பரில் இறந்துபோனார்.

விளையாட்டு எழுத்தாளர்கள் அந்தக் காட்சியை இன்றும் விடுவதில்லை. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் ஒரு வழக்கத்தை எடைபோடும்போது தட்டில் இப்படி ஒரு படத்தை வைத்துவிட்டால் முள் நேராக நிற்காது. அப்பா பயிற்சியாளர், மகன் பயிற்சியாளர், பிறகு மகனின் மகனும் பயிற்சியாளர் என்று தொழில் ஒரே வீட்டுக்குள் சுற்றிவருவது அமெரிக்கக் கால்பந்தில் அபூர்வமே அல்ல. அதனால் அந்த ஆட்டத்துக்கு என்ன கிடைத்தது, யாருக்கு என்ன போயிற்று என்பதைப் பெலிச்சிக் குடும்பத்தை வைத்துப் பார்க்கலாம். மூன்று தலைமுறையும் பொதுவெளியில் இருக்கிறது, மூன்று பேரும் மூன்று விதமான வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறார்கள்.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்தில் பந்தைக் காலால் உதைப்பது எப்போதாவதுதான். கையால் எறிவார்கள், மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். நம் கண்ணுக்கு அது மோதலாகத் தெரியும். பயிற்சியாளருக்கு அது சதுரங்கம். சில விநாடி ஆட்டம், பிறகு இடைவெளி, மறுபடி சில விநாடி. அந்த இடைவெளிக்குள் அடுத்த நகர்வைத் தீர்மானித்துக் களத்துக்குச் சொல்லியாக வேண்டும். ஆகவே இந்த ஆட்டத்தில் பயிற்சியாளரின் உண்மையான வேலை இருட்டறையில், எதிரணி ஆடிய படச்சுருளை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பதில்தான் நடக்கிறது.

ஸ்டீவின் பெற்றோர் குரோஷியாவிலிருந்து வந்த குடியேறிகள். அவர் வளர்ந்தது ஒஹாயோ மாநிலத்து எஃகு ஆலைப் பகுதியில். கல்லூரியில் அவருக்குப் பயிற்சியாளராக இருந்த பில் எட்வர்ட்ஸ் 1941-இல் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் பொறுப்புக்குப் போனபோது, பழைய மாணவனைச் சாமான்கள் பார்த்துக்கொள்ளும் வேலைக்குக் கூட்டிப்போனார். ஆள் பற்றாமல் போகவே அந்தச் சாமான்காரரே களத்தில் இறங்கி ஆடினார். 1952-இல் பிறந்த மகனுக்கு வில்லியம் என்று பெயர் வைத்தார். அது குருவின் பெயர். முதல் தலைமுறையின் வாசலையும் ஒருவர் திறந்துதான் விட்டிருக்கிறார், ஆனால் அவர் தகப்பன் அல்ல, ஆசிரியர். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். யாருடைய கையும் படாமல் தானாக முளைத்த பயிற்சியாளர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் எனக்குத் தெரியாது.

எட்வர்ட்ஸோடு வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போன ஸ்டீவ், அங்கே இடம்போனதும் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1955 முடிவில் அங்கும் தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார், உதவியாளர்களும் கிளம்ப வேண்டியதாயிற்று. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் மூன்று வருடத்துக்கொருமுறை பெட்டி கட்டுவது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1956-இல் அன்னாபொலிஸ் நகரத்துக் கடற்படைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு உடற்கல்வி ஆசிரியப் பணியும் இருந்தது. தலைமைப் பயிற்சியாளர் மாறினாலும் இவர் வேலை ஆடாது. 33 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். ஏழு தலைமைப் பயிற்சியாளர்கள் வந்துபோனார்கள், அவர் போகவில்லை.

அவருடைய தனித்திறமை வேவு. தமிழில் அந்தச் சொல்லுக்கு ஒரு களங்கம் ஒட்டியிருக்கிறது, ஆனால் அந்த ஆட்டத்தில் அது மதிப்பான வேலை. சனிக்கிழமை எதிரணி எங்கே ஆடுகிறதோ அங்கே போய் உட்கார்ந்து, யார் எங்கே நிற்கிறார், எந்த அடுக்கிலிருந்து எந்த ஆட்டம் பிறக்கிறது என்று குறித்துக்கொண்டு திரும்ப வேண்டும். திங்கட்கிழமை தன் வீரர்களுக்கு அதை விளக்க வேண்டும். இந்தக் கலையைப் பற்றி 1962-இல் அவர் எழுதிய கையேட்டைத் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் மரியாதையோடு குறிப்பிடுகிறார்கள்.

இந்த அப்பாவின் வீட்டில் ஒன்பது பத்து வயதுப் பையன் என்ன செய்வான்? படச்சுருளை ஓட்டிப் பார்த்துத் தாளில் கட்டம் போட்டு எழுதினான். இது எத்தனையாவது முயற்சி, இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும், எந்த அடுக்கு, என்ன ஆட்டம். அப்பா அதை வாங்கிப் பார்ப்பார். பயிற்சித் திடலில் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ரோஜர் ஸ்டாபாக் எறிந்த பந்துகளைப் பிடித்தான். தகப்பனும் மகனும் பேசிக்கொள்ள ஒரு மொழி அமைந்துவிட்டது. மற்ற வீடுகளில் சாப்பாட்டு நேரத்தில் நடப்பது அங்கே படக்கருவியின் வெளிச்சத்தில் நடந்தது.

இந்த வழக்கத்தின் பலம் என்று எதையாவது முதலில் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். பயிற்சியாளர் வேலைக்கு வீட்டைப் பிடிக்காது. பருவம் தொடங்கிவிட்டால் விடியுமுன் போய் நள்ளிரவில் திரும்பும் பிழைப்பு. பிள்ளை அந்த அறைக்குள் வராவிட்டால் அப்பாவைப் பார்க்கவே முடியாது. அறைக்குள் வந்துவிட்டால், வேறு யாருக்கும் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது: முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதைப் பக்கத்திலிருந்து கேட்கும் வாய்ப்பு. களத்தில் தெரிவது முடிவு மட்டும்தான். அதற்கு முன் நடந்த தயக்கம், வேண்டாம் என்று தள்ளிய யோசனைகள், தோற்ற இரவின் முணுமுணுப்பு எதுவும் எந்தப் பாடத்திட்டத்திலும் வராது. நாகஸ்வரக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ராகத்தின் பெயர் தெரியுமுன்பே ராகம் காதில் விழுந்துவிடுவதைப் போல, பில்லுக்கு ஆட்டத்தின் விதிகளுக்கு முன்பே அதன் வாடை பழகிவிட்டது.

அந்தப் பழக்கம் என்ன விளைத்தது என்பதற்கு 2015 பிப்ரவரி 1 ஓர் உதாரணம். சூப்பர் போல். பேட்ரியட்ஸ் நான்கு புள்ளி முன்னால் இருக்கிறது. எதிரணி சியாட்டில் எல்லைக்கோட்டுக்கு ஒரு கஜம் தள்ளி நிற்கிறது. மிச்சம் அரை நிமிடத்துக்கும் குறைவு. எல்லோரும் பில் நேரத்தை நிறுத்துவார் என்று காத்திருந்தார்கள். அவர் நிறுத்தவில்லை. சியாட்டில் எறிந்த பந்தை மால்கம் பட்லர் என்ற, பெரிதாக யாருக்கும் தெரியாத முதலாண்டு வீரர் பாய்ந்து பறித்தார். அந்த இடத்தில் சியாட்டில் அந்த ஆட்டத்தைத்தான் ஆடும் என்று அந்த வாரப் பயிற்சியிலேயே அதை ஆடிப் பார்த்திருந்தார்கள். பயிற்சியில் பட்லர் அதே ஆட்டத்தில் ஏமாந்தும் இருந்தார். எதிரணியின் பழக்கத்தை முன்கூட்டியே தாளில் எழுதி வைப்பது: அன்னாபொலிஸ் வீட்டில் சிறுவன் செய்த வேலை அதுதான். ஐம்பது ஆண்டு கழித்துப் பலன் கொடுத்திருக்கிறது.

மறுபக்கத்தையும் எழுதிவிட வேண்டும். 2007-இல், எதிரணிப் பயிற்சியாளர்களின் கைச்சாடைகளைத் தடைசெய்யப்பட்ட இடத்திலிருந்து படம் பிடித்ததற்காக பேட்ரியட்ஸ் பிடிபட்டது. பில்லுக்கு ஐந்து லட்சம் டாலர் அபராதம், அணிக்கு இரண்டரை லட்சம், போதாததற்கு அடுத்த ஆண்டின் முதல் சுற்று வீரர் தேர்வு உரிமையும் போயிற்று. அப்பாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பா கையில் தாளும் பென்சிலும் இருந்தவரை வேவுக்கு ஓர் எல்லை தானாக இருந்தது. மகன் கைக்குக் கருவி வந்தபோது எல்லையை அவரே போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பிடிக்கும் கண் பரம்பரையாக வரலாம், எங்கே கண்ணை மூட வேண்டும் என்பது வருவதில்லை போலிருக்கிறது.

இரண்டாவது தலைமுறையின் வாசல் எப்படித் திறந்தது? 1975-இல் பில் கல்லூரி முடித்துவிட்டு பால்டிமோர் கோல்ட்ஸ் அணியில் சேர்ந்தார். வாரம் 25 டாலர். வேலை, படச்சுருளைப் பிரித்து அட்டவணை போடுவதும், தலைமைப் பயிற்சியாளரைக் காரில் ஏற்றிப்போவதும். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள்: பார்த்தீர்களா, அடிமட்டத்திலிருந்து வந்தவர் என்று. ஒரு வருடம் தள்ளிப் பாருங்கள். 1976-இல் அவரை டெட்ராய்ட் லயன்ஸுக்கு எடுத்த ரிக் ஃபர்சானோ, கடற்படைக் கழகத்தில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். அங்கே ஸ்டீவ் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். ஆக வெளியே போன பிள்ளையின் பாதையிலும் அப்பாவின் நிழல் விழுந்திருக்கிறது. வாரம் 25 டாலருக்கு வேலை பார்க்க எல்லோராலும் முடியாது என்பதும் உண்டு. மாதக் கடைசியில் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய பையன் அந்த வேலைக்கு வரவே மாட்டான்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஃபர்சானோ 1976 பருவத்தின் நடுவிலேயே விலகினார். அடுத்த ஆண்டு முடிவில் மொத்தக் குழுவும் கலைக்கப்பட்டது, பில்லும் வெளியே. பிறகு டென்வர், நியூயார்க் ஜயன்ட்ஸ், 1991-இல் கிளீவ்லண்டில் முதல் தலைமைப் பதவி. ஐந்து பருவங்களில் 36 வெற்றி, 44 தோல்வி, வேலைநீக்கம். அப்பாவின் அறிமுகம் உள்ளே விட்டது, ஆனால் தோற்றபோது அப்பாவின் கூரை இல்லை. பேட்ரியட்ஸில் அவர் வாங்கிய ஆறு சூப்பர் போல் கோப்பைகளுக்கும் கிளீவ்லண்டில் வாங்கிய அடிக்கும் உள்ள தொடர்பை அவரைப் பற்றி எழுதியவர்கள் அநேகமாக எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

நம் ஊர்ப் பட்டறைகளில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. நல்ல கொல்லர், நல்ல தச்சர், வண்டி மெக்கானிக்கூட, தன் மகனைத் தன்னிடம் வைத்துக்கொள்ள மாட்டார். தெரிந்த இன்னொருவரின் பட்டறையில் கொண்டுபோய் விடுவார். இசைக் குடும்பங்களில் இதற்குக் குருகுலவாசம் என்று பெயர். சொந்தப் பிள்ளையைத் திட்ட வேண்டிய இடத்தில் நாக்கு மடங்கும், அல்லது திட்டக் கூடாத இடத்தில் கூடுதலாக நீளும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பில்லை டெட்ராய்டிலும் டென்வரிலும் வேறு ஆட்கள் திட்டினார்கள். அவருக்கு அது நல்லதாகப் போயிற்று.

அவர் தன் பிள்ளைகளுக்கு அதைச் செய்யவில்லை.

மூத்த மகனுக்குத் தாத்தாவின் பெயர்: ஸ்டீவ். பேரன் என்ற நம் சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். இந்தப் பெயரன் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் லக்ரோஸ் ஆடினார். கடைசி ஆண்டில் மட்டும் கால்பந்து அணியில் சேர்ந்தார். 2012-இல் நேராக பேட்ரியட்ஸின் பயிற்சி உதவியாளர். நான்கு ஆண்டுகள் கழித்துப் பின்வரிசைத் தற்காப்பாளர்களின் பயிற்சியாளர். 2019-இல் தற்காப்பு ஆட்டங்களைக் களத்துக்குச் சொல்லும் பொறுப்பு. இளைய மகன் பிரையனும் 2016-இல் உள்ளே வந்தார்.

இதை ஆதரிப்பவர்களின் வாதம் எளிது. வேலை தெரியாதவன் என்றால் ஆட்டப் பலகை காட்டிக்கொடுத்துவிடும். அது காட்டிக்கொடுக்கவில்லை. பேரன் ஸ்டீவ் பொறுப்பேற்ற 2019 பருவத்தில் என்.எஃப்.எல் என்ற அந்தத் தொழில்முறை லீக்கிலேயே மிகக் குறைவான புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி பேட்ரியட்ஸ், 16 ஆட்டங்களில் 225. 2024-இல் தந்தையின் துணையில்லாமல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தற்காப்பை ஏற்றார். எதிரணியின் எறிதலைத் தடுப்பதில் அந்த அணி நாட்டின் முன்வரிசையில் வந்தது. தந்தை பேட்ரியட்ஸை விட்டு விலகிய பிறகும் பிரையனைப் புதிய பயிற்சியாளர் ஜெராட் மேயோ வேலையில் வைத்துக்கொண்டார். இவை எல்லாம் நிஜம். பிள்ளைகள் திறமைசாலிகள் என்பதை நான் மறுக்கப்போவதில்லை. மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போய்விடலாம்.

ஆனால் அந்த வாதம் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது. உச்சியில் இருப்பவரை ஆட்டப் பலகை அளக்கும். அடியில் இருப்பவரை எது அளக்கும்? 2012-இல் ஒரு பயிற்சி உதவியாளர் இடம் காலியாக இருந்தது. படம் பிரிப்பது, அட்டவணை போடுவது, காகிதம் தூக்குவது. அந்த வேலையை ஒழுங்காகச் செய்யக்கூடியவர்கள் நாட்டில் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். அந்த இடத்தில் திறமைக்கு வேலை இல்லை, கிட்ட இருப்பதற்குத்தான் வேலை. அதில் நுழைந்தவருக்கு ஏழு ஆண்டுகளில் நாட்டின் மிகச் சிறந்த பாடம் கிடைத்துவிடுகிறது. பிறகு அவரைப் பார்த்து, பாருங்கள் எவ்வளவு திறமை என்கிறோம். உள்ளே விட்டதே திறமையைத் தந்தது. வெளியே நின்றவருக்கு அது இருந்ததா இல்லையா என்று சோதிக்க வழியே இல்லாமல் போயிற்று. இந்த வழக்கத்தின் பலமும் பழுதும் வேறு வேறு அல்ல. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைப்பதுதான் இரண்டுமே.

இதற்கு ஓர் அளவுகோல் அதே அணிக்குள்ளேயே கிடைக்கிறது. பேரன் ஸ்டீவுக்கு முன்னால், 2018-இல், பேட்ரியட்ஸின் தற்காப்பு ஆட்டங்களைக் களத்துக்குச் சொன்னவர் பிரையன் ஃப்ளோரஸ். ஹோண்டுராஸிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்து, நியூயார்க்கின் பிரவுன்ஸ்வில் பகுதியில் வளர்ந்தவர். 2004-இல் வீரர் தேர்வுப் பிரிவில் உதவியாளராக அடியெடுத்து வைத்தார். பயிற்சியாளர் குழுவுக்கு வரவே நான்கு ஆண்டுகள். ஆட்டத்தைச் சொல்லும் பொறுப்பு கைக்கு வரப் பதினான்கு. அவர் அந்தப் பொறுப்பில் இருந்த பருவத்தின் இறுதியில், சூப்பர் போலில் எதிரணியை மூன்றே புள்ளிகளில் கட்டிப்போட்டார்கள், 13-3. அவர் மயாமிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். காலியான பொறுப்புக்குத்தான் பேரன் ஸ்டீவ் வந்தார். பதினான்குக்கு ஏழு. மேலே இடம் எப்போது காலியாகும் என்பது யார் கையிலும் இல்லை, ஆகவே இந்தக் கணக்கை ஆணியடித்தாற்போலப் பிடித்துக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் கணக்கே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. ஃப்ளோரஸுக்கும் கதவைத் திறந்துவிட்டு வளர்த்தவர் இதே பில்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதே ஃப்ளோரஸ் 2022 பிப்ரவரியில் லீக் மீதும் சில அணிகள் மீதும் இனப் பாகுபாடு வழக்குத் தொடுத்தார். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் நேர்காணலுக்கு அவர் போவதற்கு முன்பே, அந்த வேலை கிடைத்ததற்கு வாழ்த்துச் சொல்லிப் பில் பெலிச்சிக்கிடமிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. பிரையன் டேபால் என்ற இன்னொரு பிரையனுக்குப் போக வேண்டிய செய்தி ஆள் மாறி வந்துவிட்டது. வழக்கு வாரிசுரிமையைப் பற்றியது அல்ல. ஆனால் ஒரு சிறிய வட்டத்துக்குள் யார் யாருக்கு எது என்று எப்படித் தெரிந்துவிடுகிறது என்பதை அந்தக் கைப்பிழை காட்டிவிட்டது.

இந்த வட்டத்தில் வாரிசுரிமை ஏன் கூடுதலாக வலிக்கிறது என்பதற்கு வரலாறு ஒன்று இருக்கிறது. 1920-களில் ஃப்ரிட்ஸ் போலார்ட் என்ற கறுப்பினத்தவர் பயிற்சியாளராக இருந்தார். அவருக்குப் பிறகு 1989-இல் ஆர்ட் ஷெல் வரும்வரை அந்த லீக்கில் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஒருவர்கூட இல்லை. காலியிடம் வந்தால் சிறுபான்மையினரையும் நேர்காணலுக்கு அழைத்தாக வேண்டும் என்ற ரூனி விதி 2003-இல்தான் வந்தது. அப்பாக்களை அறுபது ஆண்டுகள் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, இனிமேல் அப்பா வழியாகப் பிள்ளைகள் வரலாம் என்றால், யாருடைய பிள்ளைகள் வருவார்கள்? யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு தகப்பனும் தன் பிள்ளை மேல் பாசமாக இருந்தாலே போதும், பழைய கணக்கு அப்படியே நீடிக்கும்.

பாசம் எதிர்த்திசையிலும் ஓடலாம் என்பதற்கு ஹார்பா குடும்பம். ஜாக் ஹார்பா மேற்கு கென்டகி பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக இருந்தபோது, பணமில்லாமல் அந்தக் கால்பந்து அணியையே மூடிவிடும் நிலை வந்தது. மகன் ஜிம் அப்போது என்.எஃப்.எல்-இல் ஆடிக்கொண்டிருந்த வீரர். ஓய்வு நேரத்தில் சம்பளமில்லாத உதவிப் பயிற்சியாளராகப் பதிவுசெய்துகொண்டு, அப்பாவின் அணிக்கு இளைஞர்களைத் தேடி ஊர் ஊராகப் போனார். 2002-இல் அந்த அணி தன் பிரிவின் தேசியக் கோப்பையை வென்றது. இதில் யாருடைய இடமும் பறிபோகவில்லை, ஓர் இடம் காப்பாற்றப்பட்டது. இன்னொரு மகன் ஜான் தொடங்கியது அப்பாவின் குழுவில்தான், அதையும் மறைக்க வேண்டாம். பிறகு அவர் பல ஆண்டுகள் வேறு வேறு குழுக்களில் கிடந்து வெந்து வந்தார். 2013 சூப்பர் போலில் இரண்டு சகோதரர்களும் எதிரெதிர் அணிகளின் பயிற்சியாளர்கள். அப்பா எந்தப் பக்கம் உட்கார்ந்தார் என்று கேட்காத பத்திரிகை இல்லை.

காலால் ஆடும் கால்பந்திலும் இதே கதைகள் உண்டு. நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் அணிக்கு 1979, 1980 இரண்டு ஆண்டும் ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்த பிரையன் கிளஃப், மகன் நைஜலைத் தன் அணியிலேயே ஆடவைத்தார். ஊராரின் முன்னால் மகனைப் பெயர் சொல்லாமல் ஒன்பதாம் எண் என்றே குறிப்பிடுவார் என்பார்கள். கூச்சத்தை மறைக்கும் அந்தச் சிறு தந்திரம் எனக்கு மிகவும் மனிதத்தனமாகப் படுகிறது. நைஜல் பயிற்சியாளரானபோது தொடங்கிய இடம் பர்ட்டன் ஆல்பியன். 1998-இல் அது லீக்குக்கே வெளியே இருந்த சின்ன அணி. பத்தாண்டு அங்கே உழைத்த பிறகுதான் 2009-இல் டார்பி அணிக்கு வந்தார், ஒரு காலத்தில் அப்பா உட்கார்ந்த அதே நாற்காலி. 2013 செப்டம்பரில் அந்த நாற்காலி பறிபோயிற்று. கடைசியாகத் தோற்றது யாரிடம் என்றால் நாட்டிங்ஹம் ஃபாரஸ்டிடம். அப்பாவின் ஊர், அப்பாவின் அணி, தன்னை வளர்த்த திடல். அதற்குப் பிறகும் ஷெஃபீல்ட், மறுபடி பர்ட்டன், மான்ஸ்ஃபீல்ட் என்று அவர் தொழிலை விடவில்லை. அப்பா போல் பெரிய கோப்பை எதுவும் அவர் கையில் இல்லை. ஆனால் அவர் எவ்வளவு பெரிய பயிற்சியாளர் என்பது அவருக்குத் தெரியும், நமக்கும் தெரியும்.

பயிற்சியாளர் கார்லோ ஆன்செலோட்டியின் மகன் டவிடேவுக்கு இது வெகுகாலம் தெரியாமலே இருந்திருக்கும். பாயர்ன், நாப்போலி, எவர்ட்டன், ரியல் மட்ரிட் என்று அப்பா போன இடமெல்லாம் உதவிப் பயிற்சியாளராகக் கூடவே போனார். 2022 ஏப்ரலில் அப்பாவுக்குக் கொரோனா வந்ததால் செல்ட்டா விகோவுக்கு எதிராக அணியை இவர் வழிநடத்தினார், 2-1 வெற்றி. அது யாருடைய வெற்றி? 2025 ஜூலையில் பிரேசிலின் பொட்டாஃபோகோ அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகத் தனியே கிளம்பினார். தனியே என்றால் முழுக்கத் தனியேயும் அல்ல. இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அப்பா பிரேசில் தேசிய அணியின் பொறுப்புக்கு வந்திருந்தார்.

இந்த வழக்கத்தில் இழப்பவர்களின் பட்டியலில் பிள்ளையின் பெயரையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. வாசலில் நின்றவன் இழந்தது வாய்ப்பு, அதைச் சொல்லி வழக்காவது போடலாம். உள்ளே வளர்ந்தவன் இழப்பது தன்னைப் பற்றிய நிச்சயம், அதற்கு வழக்கு போட இடமில்லை. ஜெயித்தால் அப்பா மகன், தோற்றால் அப்பாவால் வந்தவன். தாத்தா ஸ்டீவ் அன்னாபொலிஸில் 33 ஆண்டுகள் யாரும் அசைக்க முடியாத வேலையில் இருந்தார். ஆனால் இரண்டு ஊர்களில் இடம்போனபின் தானே தேடிப் பிடித்த பாதுகாப்பு அது. பேரனுக்கு அது பிறப்போடு வந்தது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

தடைச்சட்டம் போட்டு இதை நிறுத்த முடியும் என்று நான் நம்பவில்லை. நிறுத்தினால் அன்னாபொலிஸ் இருட்டறையையும் சேர்த்து மூட வேண்டியிருக்கும், அதற்கு மனம் வரவில்லை. வீட்டில் கற்றுக்கொடுப்பதை யாரும் தடுக்க வேண்டாம். சம்பளப் பட்டியலில் முதன்முதலாகப் பெயர் சேர்ப்பதை மட்டும் இன்னொருவர் செய்யட்டும் என்று ஒரு விதி இருந்தால் போதும் என்று நினைக்கிறேன். பழைய பட்டறைக்காரர்கள் எழுதாமலே கடைப்பிடித்த விதிதான். அதிலும் ஓட்டை உண்டு. உன் பையனை நான் எடுக்கிறேன், என் பையனை நீ எடு என்று இரண்டு தகப்பன்கள் பேசிக்கொள்ள எவ்வளவு நேரமாகும்? ஃபர்சானோ எடுத்ததே கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனாலும் வேற்றான் பட்டறையில் சுத்தியல் தவறினால் திட்டு விழும், வேலையும் போகும். அதுவே பெரிய லாபம்.

2024 டிசம்பரில் பில் பெலிச்சிக் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளரானார். ஆண்டுக்கு ஒரு கோடி டாலர். அறிமுகக் கூட்டத்துக்கு, அப்பா அங்கே வேலை பார்த்த காலத்துப் பழைய மேற்சட்டை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். தற்காப்பு ஒருங்கிணைப்பாளராகப் பேரன் ஸ்டீவ், வாஷிங்டனில் ஒரே ஒரு பருவம் வெளியே இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். பிரையனும் குழுவில் சேர்ந்தார். 2025 செப்டம்பர் 1 அன்று முதல் ஆட்டம், சொந்த ஊரில் 48-14 என்று தோல்வி. பருவம் முடிந்தபோது நான்கு வெற்றி, எட்டுத் தோல்வி. பேரன் வேலையில் தொடர்ந்தார். அந்த மேற்சட்டைக்குச் சொந்தக்காரரின் கடைசிப் பருவத்தில், 1955-இல், அதே பல்கலைக்கழகம் ஆடிய ஆட்டங்கள் பத்து. வென்றது மூன்று, தோற்றது ஏழு.